பதினாறு வயதில் மட்டும் ஏன் இந்த அனுமதி?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழின் விளையாட்டுப் பக்கத்தில் ஐஸ் ஹொக்கிச் சண்டைகள் பற்றி வெளிவந்த கட்டுரையை, மகனை மைனர் ஹொக்கியில் (சிறுவர்களுக்கான ஹொக்கியில்) சேர்த்திருக்கும் தந்தை என்ற முறையில் அக்கறையோடு வாசித்தேன். 2025 பெப்ரவரி 15 அன்று மொன்றியலில் கனடாவும் அமெரிக்காவும் மோதியபோது முதல் ஒன்பது வினாடிகளுக்குள் மூன்று சண்டைகள் மூண்டதைக் கட்டுரையாளர் வியந்து எழுதியிருந்தார். அன்றிரவு தொலைக்காட்சியின் முன் இருந்த பலரும் இருக்கையை விட்டு எழுந்திருப்பார்கள். நானும் எழுந்தேன், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கட்டுரை சம்பளம் வாங்கும் பெரியவர்களின் ஆட்டத்தோடு நின்றுவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளைகள் களமிறங்கும் ஒன்ராறியோ ஹொக்கி லீக்கைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

ஒரு பிள்ளை ஹொக்கியில் ஏறிச்செல்லும் படிகளை வரிசையாகப் பார்த்தால் இதிலுள்ள முரண் விளங்கும். ஹொக்கி கனடாவின் விதிப்படி, மைனர் ஹொக்கியில் கைகலப்பில் இறங்குபவர் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவார். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்டங்களில் அடுத்த ஆட்டத்தையும் சேர்த்தே இழப்பார். ஒலிம்பிக்கிலும் உலக சாம்பியன்ஷிப் போட்டிகளிலும் சண்டை பிடித்தவர் வெளியேற வேண்டியதுதான். இவற்றுக்கு நடுவே, பதினாறிலிருந்து இருபது வயது வரையிலான இளைஞர்களின் ஒன்ராறியோ ஜூனியர் லீக்கில், தொழில்முறை ஆட்டக்காரர்களின் தேசிய ஹொக்கி லீக் 1922இல் வகுத்த வழியையொட்டி ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டிக்குள் இருந்துவிட்டு மீண்டும் ஆட வந்துவிடலாம். பதினைந்து வயது வரை குற்றம் என்று சொல்லி வளர்த்த ஒன்றை, தாடி அரும்பும் வயதில் துணிச்சல் என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கியூபெக் ஜூனியர் லீக் இதற்கு 2023இல் விடை கண்டுவிட்டது. அங்கே சண்டை பிடித்தவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் இறங்க முடியாது. சண்டையைத் தொடக்கியவர் அடுத்த ஆட்டத்திலும் வெளியே இருக்க வேண்டும். இதனால் அரங்குகள் வெறிச்சோடிப் போய்விடவில்லை. நமது ஒன்ராறியோ லீக்கோ எண்ணிக்கைக் கணக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2012இல், ஒரு பருவத்தில் பத்துச் சண்டைகளைத் தாண்டினால்தான் இடைநிறுத்தம் என்றது. 2016இல் அந்தப் பத்தை மூன்றாகக் குறைத்தது. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் மூன்று சண்டைகளில் உடைகிற மூக்கு மூக்கில்லையா?

இந்தச் சண்டைகள் திடீர்க் கோபத்தில் வெடிப்பவை என்பார்கள். கண்ணாடித் தடுப்பின் அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. இருவர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைப்பார்கள், கையுறைகள் விழும், இடக்கையால் எதிராளியின் சட்டையைப் பற்றிக்கொண்டு வலக்கையால் குத்துவார்கள். கோட்டு நடுவர்கள் இருவரும், அவர்கள் களைத்து விழும்வரை சற்று விலகி நின்று காத்திருப்பார்கள். எதிராளி இழுக்கும்போது சட்டை கழன்றுவிடாதபடி அதைக் காற்சட்டையோடு பிணைக்க ஒரு பட்டிகூட உண்டு. அதைக் கட்டாமல் சண்டையில் இறங்கிச் சட்டை கழன்றுவிட்டால், சண்டைக்குக் கிடைப்பதைவிடக் கடுமையான தண்டனை தேசிய லீக்கில் காத்திருக்கிறது. சட்டை விலகுவது குத்துவதைவிடப் பெரிய குற்றமாகிவிட்ட விந்தை வேறெந்த விளையாட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

2008 டிசம்பரில் விற்பி அணியின் டொன் சாண்டர்சன், பெரியவர்களுக்கான சீனியர் லீக் ஆட்டமொன்றில் மூண்ட சண்டையில் தலைக்கவசம் கழன்ற நிலையில் பனித்தரையில் தலையடிபட விழுந்தார். நினைவு திரும்பாமலேயே 2009 ஜனவரி 2 அன்று இறந்தார். யோர்க் பல்கலைக்கழக மாணவர், வயது 21. அதற்குப் பிறகு ஒன்ராறியோ ஜூனியர் லீக் கொண்டுவந்த மாற்றம், சண்டையின்போது தலைக்கவசத்தைக் கழற்றுபவரை வெளியேற்றுவது என்பதாக இருந்தது. சண்டை அப்படியே இருந்தது.

சிறந்த ஆட்டக்காரர்களைக் காக்கவே சண்டைக்காரர்கள் தேவை என்ற வாதத்தையும் கட்டுரையாளர் எடுத்துவைத்தார். நட்சத்திர வீரர் வெய்ன் கிரெட்ஸ்கிக்கு எட்மன்டன் அணியில் சண்டைக்காரர் டேவ் செமென்கோ துணையாக இருந்தார் என்பது உண்மையே. ஆனால் 2011 ஜனவரியில் இன்னொரு நட்சத்திர வீரரான சிட்னி குரொஸ்பி அடுத்தடுத்து இரண்டு மோதல்களில் தலையில் அடிபட்டு மாதக்கணக்கில் ஆடமுடியாமல் போனபோது, அவரது அணியிலும் சண்டைக்காரர்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஒன்ராறியோ லீக்கிலேயே இன்னும் நெருக்கமான உதாரணம் இருக்கிறது. 2014 நவம்பரில், பதினெட்டு ஆட்டங்களில் 51 புள்ளிகள் (அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்த்து) எடுத்திருந்த பதினேழு வயது கொனர் மெக்டேவிட், மிசிசாகா அணி வீரர் ஒருவரோடு சண்டையில் இறங்கினார். ஓங்கிய கை தடுப்பில் மோதி எலும்பு முறிந்தது. ஆறு வாரங்கள் வெளியே இருந்தார். காவல்காரர்கள் காப்பதாகச் சொல்லப்படும் பொக்கிஷம், தானே கதவை உடைத்துக்கொண்டு வெளியே வந்த கதை இது. நல்ல வேளையாக அந்த ஆண்டு உலக ஜூனியர் போட்டிக்கு அவர் திரும்பிவிட்டார், கனடாவும் தங்கம் வென்றது. ஆனால் எல்லாப் பதினேழு வயதுக்காரர்களும் மெக்டேவிட் அல்லர்.

காவல்காரர்களின் கதியையும் சொல்ல வேண்டும். டெரெக் பூகார்ட் மேற்குக் கனடாவின் ஜூனியர் லீக்கிலேயே சண்டைக்காரராக உருவாக்கப்பட்டவர். தேசிய லீக்கில் 277 ஆட்டங்களில் மூன்றே கோல்கள். 2011 மே மாதம் 28 வயதில், மதுவும் வலிநிவாரணி மாத்திரைகளும் சேர்ந்து அவர் உயிரைப் பறித்தன. அவரது மூளையைப் பரிசோதித்தபோது, திரும்பத் திரும்ப அடிபட்டதால் வரும் சிதைவு கண்டறியப்பட்டது.

கட்டுரையாளர் வியந்த அதே தொடரின் இறுதியாட்டத்தையும் அவர் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன். பெப்ரவரி 20 அன்று பொஸ்டனில் அதே இரு நாடுகள் மோதின. சண்டை ஒன்றும் இல்லை. மேலதிக நேரத்தில் மார்க்கத்தில் பிறந்த மிச் மார்னர் பந்தைக் கொடுக்க (றப்பர் வட்டை அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்) நியூமார்க்கெட்டில் வளர்ந்த மெக்டேவிட் வெற்றிக் கோலை அடித்தார். இருவரும் ஒன்ராறியோ லீக் வளர்த்த பிள்ளைகள். அந்த லீக் பெருமைப்பட வேண்டியது இதற்காகத்தான்.

தேசிய லீக்குக்குத் தயார்ப்படுத்துகிறோம் என்ற சமாதானமும் இப்போது வலுவிழந்துவிட்டது. 2025 ஓகஸ்டிலிருந்து கனடிய ஜூனியர் லீக் வீரர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் சேரலாம். மேற்கு லீக்கின் முன்னணி வீரர் கவின் மெக்கென்னாவே பென்சில்வேனியாவின் பல்கலைக்கழக அணி ஒன்றுக்குப் போய்விட்டார். சண்டைக்கு இடமில்லாத அரங்குக்குத்தான் திறமையாளர்கள் போகிறார்கள்.

ஒஷாவா, பிராம்ப்டன் ஆகிய இரு அணிகளும் நம் வாசகர்கள் நிறைந்து வாழும் பகுதிகளில் இருக்கின்றன. அவர்களின் ஆட்டங்களுக்குப் பிள்ளைகளோடு போகும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. தங்கள் நிருபர் ஒருவர் அந்த நிர்வாகங்களிடம் நேரில் சென்று, கியூபெக்கின் விதியை ஒன்ராறியோவும் ஏற்க அவர்கள் வாக்களிப்பார்களா என்று கேட்டு, கிடைக்கும் பதிலை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மார்க்கம், ஒன்ராறியோ.