எமது சங்கத்தின் பனிச்சறுக்குப் பிரிவு, ஒஸ்லோ: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஆறு தடவைகள் கூடியது. அதில் இரண்டு கூட்டங்கள் சங்கத்தின் பெயர் போட்ட ரீசேட் அடிப்பதா வேண்டாமா என்பதிலேயே போயின, அடிக்கவில்லை. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் நேரே பனிக்கு வருகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே சறுக்கப் பழக்கிவிட்டது. பெற்றோராகிய நாங்கள் அவர்களை இறக்கிவிட்டு, காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தோம். முதலாம் இலக்கச் சுரங்க ரயிலில் மலையிலுள்ள புரொக்னர்சேத்தருக்குச் சறுக்குப் பலகைகளோடு ஏறுகிற கூட்டத்தைக் கண்டால் காலை ஒதுக்கி இடம் விட்டோம். எங்களில் சிலர் எண்பதுகளில் வந்து வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் நின்றவர்கள். அவர்களுக்குப் பனி என்றால் சவளால் தள்ளுகிற பொருள். அதன் மேல் விளையாடலாம் என்ற எண்ணம் வர முப்பது வருடங்களுக்கு மேல் பிடித்தது.

ஜனவரித் தொடக்கத்தில் கடுங்குளிர் அடித்ததால் வகுப்புகளை இரண்டு கிழமை தள்ளிப்போட்டோம். பிறகு ஞாயிறு காலைகளில் சொங்ஸ்வான் ஏரிக்கரையில் பதினான்கு பேர் கூடினோம். யாரும் பலகை வாங்கிச் செலவழிக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். ‘பூஆ’ நிலையங்களில் சப்பாத்து, தடி, பலகை எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்கு இலவசமாக இரவல் தருகிறார்கள். இது தெரியாமல் ஆயிரக்கணக்கில் கொட்டியவர் ஒருவர் எங்கள் செயற்குழுவிலேயே இருக்கிறார்.

முதல் பாடம் விழுவது. இரண்டாம் பாடம் எழும்புவது. முதலில் மல்லாந்து, பலகைகளைச் சிக்கெடுத்து, ஒருக்களித்து, முழங்காலில் வர வேண்டும். இறக்கத்தில் வேகத்தைக் குறைக்க முன்நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டுவதை நோர்வேஜியர் ‘புளூக்’ என்பார்கள். ஏர் என்று பொருள். கமக்காரக் குடும்பத்தில் பிறந்த எங்கள் உபதலைவருக்கு அந்த ஏர் கடைசிவரை பிடிபடவில்லை. வேலிக்குள் போய்த்தான் நின்றார். ஏற்றத்தில் பலகைகளை விரித்து மிதிக்கும் நடைக்குப் பெயர் மீன்முள். தடத்தைத் திரும்பிப் பார்த்தால் அசல் மீன்முள் போலவே கிடக்கும். பின்மார்க்கில் மீன் வெட்டிய அக்கா ஒருவர், “இதை எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை” என்று எல்லோருக்கும் முன்னால் ஏறிப் போனார். ஐம்பதைத் தாண்டியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் குப்புற விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. வீட்டில் அப்படிச் சிரிக்க மாட்டோம்.

மெழுகு விடயத்தில் ஒரு பிழை நடந்தது. அறிக்கையில் பதிய வேண்டும். பலகையின் அடியில் நடுப்பகுதியில் பூசும் மெழுகு, காலால் அழுத்தும்போது பனியைப் பிடித்துக்கொள்ளவும், விட்டதும் வழுக்கவும் வேண்டும். கடுங்குளிருக்குப் பச்சை, நடுத்தரக் குளிருக்கு நீலம், பூச்சியத்தை ஒட்டினால் ஊதா. வெளியே மைனஸ் ஒன்பது பாகை இருந்த காலையில், “ஊதா வடிவாயிருக்கு” என்று பொருளாளர் எல்லோருக்கும் ஊதாவைப் பூசிவிட்டார். பனி கட்டி கட்டியாக அடியில் ஒட்டிக்கொள்ள, மிதியடிக்கட்டை போட்டவர்கள் மாதிரி நடந்தே வீடு திரும்பினோம். இனி மெழுகுப் பெட்டி என் பொறுப்பில் இருக்கும்.

இனி பின்ஸே பயணம். இதில்தான் முறைப்பாடு வந்தது. ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை பேர்கன் ரயிலில் ஒன்பது பேர் போனோம். பின்ஸே 1222 மீற்றர் உயரம்; நோர்வேயில் இதைவிட உயரமான ரயில் நிலையம் இல்லை. வாகனத் தெரு அங்கே வராது. அங்கிருந்து ஹவுகஸ்தோல் வரை 27 கிலோமீற்றர், பெரும்பாலும் இறக்கம், சறுக்கிப் போவதாகத் திட்டம். புறப்பட்டு இரண்டு கிலோமீற்றருக்குள் காற்று எழும்பியது. வானமும் நிலமும் ஒரே வெள்ளை. என் பலகையின் நுனி எனக்கே தெரியவில்லை. திரும்புவோம் என்று நான்தான் சொன்னேன்.

“தம்பி, காசு கட்டி வந்தது திரும்பிப் போகவோ?” என்று ஒருவர் கேட்டார். அதே கேள்வி பிறகு எழுத்திலும் வந்தது. பதில் இதோ. 1967 ஈஸ்டரில் இந்த நாட்டு மலைகளில் 18 பேர் மாண்டார்கள். அதன் பின் நாடெங்கும் பரப்பிய மலை விதிகள் ஒன்பதில் எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. உங்கள் பிள்ளைகள் தின்னும் குவிக் லுன்ஷ் சொக்லேற் உறையின் உட்பக்கத்திலும் அச்சடித்திருக்கிறார்கள். 1896 குளிர்காலத்தில் துருவப் பயணி அமுண்ட்சன் தன் அண்ணனோடு, பின்ஸேயை ஒட்டிய இந்த ஹர்டாங்கர் மேட்டைக் கடக்கப் போய், உயிர் தப்பியதே பெரும்பாடு. தென்துருவத்தை அவர் 1911 இல்தான் பிடித்தார். கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது.

திரும்பிய பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். நிலையத்துக்குப் பின்னால் காற்றுப் படாத ஒரு சிறு சரிவில் பின்னேரம் முழுக்க ஏறி ஏறிச் சறுக்கினோம். ரோல்ஸ் கல்லாகிவிட்டது, இஞ்சித் தேநீர் தாக்குப்பிடித்தது. மறுநாள் காலை காற்று அடங்கி, ஹர்டாங்கர் பனியாறு வெயிலில் முழுதாகத் தெரிந்தது. மரம் இல்லை, வீடு இல்லை, கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. மீன்முள் அக்கா தடிகளை ஊன்றி அரை மணித்தியாலம் அசையாமல் நின்றார். கால் நோகுதோ என்று போய்க் கேட்டேன்.

“இல்லையடா. ஊரிலை கடற்கரையிலை இப்பிடிச் சும்மா நிண்டது. 87க்குப் பிறகு இண்டைக்குத்தான்.”

முறைப்பாடு எழுதியவரும் பக்கத்தில்தான் நின்றார். அடுத்த ஆண்டுப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

வகுப்புகளில் கைகொடுத்த பிள்ளைகளுக்கும், இஞ்சித் தேநீர் போட்டவர்களுக்கும் நன்றி. பின்ஸேயில் யாரோ விட்டு வந்த இடது கைக் கையுறை, கறுப்பு, என்னிடம் இருக்கிறது. நிர்வாகத் தெரிவுக்கு முன் வந்து வாங்கிக்கொள்ளவும்.

செயலாளர்