நட்சத்திரம் கட்டியாயிற்றா?

லிங்கராஜபுரம், பெங்களூரு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆண்டவர் ஆசீர்வாதம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். மற்றபடி இங்கே எல்லாம் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை போனில் வீட்டைக் காட்டினாயே, பால்கனியில் நட்சத்திரத்தைக் காணோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. முதல் ஞாயிறே கட்டிவிடுவதுதான் நம் வீட்டு வழக்கம், நீ மறந்திருக்கமாட்டாய். கேட்டதற்கு "நேரமில்லைம்மா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டாய். போன வருஷம் மாப்பிள்ளை ஸ்டூல்மேல் ஏறிக் கட்ட, நீ ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்ற போட்டோ என் போனில் இன்னும் இருக்கிறது. அந்த நட்சத்திரம் கிழிந்துபோயிற்றா?

கிழிந்திருந்தால் கடையில் வாங்காதே. பிளாஸ்டிக்கில் மினுக்குகிறதெல்லாம் ஜனவரியில் குப்பைக்குத்தான் போகும். உன் கைக்குத் தெரியாத வேலையா இது? பீடத்துக்கு கிரேப் பேப்பர் ரோஜா செய்ய இப்போதும் பங்குக் கோயிலில் உன்னைத்தான் கேட்கிறார்கள். "பொண்ணு இந்த வருஷம் வருதா?" என்று ஒவ்வொருத்தரும் கேட்கும்போது நான் என்ன சொல்ல? லீவு கிடைக்கவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் டில்லிக்கு வந்தபோது மாப்பிள்ளை சாவ்ரி பஜாருக்குக் கூட்டிப்போனாரே, அங்கே கிடைக்காத காகிதம் இல்லை. இங்கே நம் சுல்தான்பேட்டை மாதிரி, கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவில் தேடினால் காற்றாடிக் காகிதம் கிடைக்கும். அதையே வாங்கு. கிளேஸ் பேப்பர் ஒட்டினால் வெளிச்சம் மங்கிவிடும். மூங்கில் பிளாச்சு பத்து வேண்டும், எல்லாம் ஒரே நீளத்தில். ஐந்தைந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரம் செய்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து முனைகளைச் சேர்த்துக் கட்டு. உள்மூலை ஐந்திலும் சாண் அளவுக் குச்சி ஒவ்வொன்று நிறுத்தினால் வயிறு உப்பி நிற்கும். மைதாப் பசையில் சிட்டிகை மயில்துத்தம் போடு, பூச்சி அரிக்காது. ஆனால் அது விஷம், ஒட்டி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. டில்லிக் குளிரில் பசை காய நேரம் எடுக்கும், அவசரப்படாதே. பல்பு நுழைய ஒரு பக்கம் ஒட்டாமல் விடு. சின்ன எல்இடி போதும். பழைய குண்டு பல்பைப் போட்டுவிடாதே, காகிதம் கருகிவிடும்.

முனை கட்டும்போது மட்டும் ஒருத்தர் பிடிக்க வேண்டும், ஒருத்தர் நூல் சுற்ற வேண்டும். தனிக் கையால் ஆகாது. பிளாச்சு தெறித்து முகத்தில் அடிக்கும்.

பிடிக்க ஆள் இல்லையென்றால் மூங்கில் வேண்டாம். நாடா நட்சத்திரம் செய். அது ஒரே ஆள் உட்கார்ந்து செய்கிற வேலை. ஏ4 கலர் தாளை நீளவாக்கில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டினால் ஒரு தாளில் 21 நாடா வரும். நுனியில் சாதாரண முடிச்சுப் போட்டு, மெல்ல இழுத்துத் தட்டையாக அமுக்கினால் ஐங்கோணம் தானாக விழும். மீதி நாடாவை அதன் பக்கங்கள்மேலேயே மாற்றி மாற்றிச் சுற்றி வாலை உள்ளே செருகு. ஐந்து பக்கத்தையும் நகத்தால் உள்ளே தள்ளினால் பொசுக்கென்று உப்பிக்கொள்ளும். கோர்த்து ஜன்னலில் தொங்கவிடு. பசையும் வேண்டாம், ஸ்டூலும் வேண்டாம். தனியாக ஸ்டூல்மேல் ஏறாதே, சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் குடிலில் புல்லாக வளர்க்க இங்கே கேழ்வரகு ஊற வைக்க எடுத்து வைத்திருக்கிறேன். பதின்மூன்றாம் தேதி விதைத்தால் பண்டிகைக்குள் பச்சென்று வந்துவிடும். பாறைக்குப் பழுப்புத் தாளைக் கசக்கிச் செம்மண் தண்ணீர் தெளித்தால் போதும். நீயும் ஒரு தட்டில் போட்டு வை. வீட்டில் ஏதாவது ஒன்று வளர்கிறதைப் பார்த்தால் மனதுக்கு நல்லது.

திருவருகை வளையமும் பண்ணு. ஊதா மெழுகுவத்தி மூன்று, மூன்றாவது ஞாயிற்றுக்கு ரோஜா நிறத்தில் ஒன்று. சுற்றிலும் பச்சைத் தாளில் இலை வெட்டி ஒட்டலாம், ஆனால் சுடர் பக்கத்தில் காகிதம் வரக்கூடாது. 1839இல் ஹாம்பர்க்கில் விகெர்ன் என்கிற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினாராம். பண்டிகை எப்போ, எப்போ என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்ததால், மரச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினாராம். பங்குச் சாமி பிரசங்கத்தில் சொன்னார். கேட்டதும் உன் நினைப்புதான் வந்தது. நானும் தினமும் உன்னை ஒன்றையேதான் கேட்கிறேன், நீ நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறாய். பெற்றவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வாய்? போகட்டும். உன்மேல் எனக்குக் கோபமில்லை. எதுவாயிருந்தாலும் கோபமில்லை.

சாப்பிடுகிறாயா? போனில் கன்னம் ஒட்டித் தெரிந்தது. ராத்திரி பிரெட்டோடு நிறுத்திக்கொள்ளாதே. ஸ்டூல்மேல் ஏறாதே.

வாழ்த்து அட்டைகள் செய்துகொண்டிருக்கிறேன். உனக்குக் கத்தரித்த நட்சத்திரத்தைத் திறந்தால் எழுந்து நிற்கிற மாதிரி மடித்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு எப்போதும்போல அதிலேயே சேர்த்து எழுதவா, தனியாகப் போடவா? எந்த விலாசத்துக்கு? நீ சொல்கிறபடி செய்கிறேன், வேறொன்றும் கேட்கமாட்டேன்.

அப்பா பேம்பூ பஜாரிலிருந்து பிளாச்சு வாங்கி வந்து வராந்தாவில் வைத்திருக்கிறார். இன்னும் கட்டவில்லை. அவருக்கு இப்போது கை நடுங்குகிறது, எனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. கர்நாடகா எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரிதான். நீ வருவதென்றாலும் சரி, நான் கிளம்பி வருவதென்றாலும் சரி, டிக்கெட் போடட்டுமா? பண்டிகை நெரிசலில் இடம் கிடைப்பது கஷ்டம், இந்த வாரமே சொல்லு. போனில் முடியாவிட்டால் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அம்மா