டர்போவின் மேல் பழி போடுமுன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போக்குவரத்துக் கழகப் பணிமனையில் 31 ஆண்டுகள் என்ஜின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். சோதித்துப் பார்க்காமலே பெரிய பாகத்தை மாற்றச் சொல்லும் பழக்கம் கார் பழுதுபார்க்கும் இடங்களில் பரவிவருகிறது; அதைக் கண்டித்து எழுதத்தான் உட்கார்ந்தேன். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தால் பாதிக் குற்றம் என் தலையில் விழுகிறது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

என் மருமகனுக்குத் திசையன்விளையில் வேலை. அவர் வைத்திருப்பது டர்போ பொருத்திய பெட்ரோல் கார். மூன்று சிலிண்டர், 999 சி.சி. ஆடிச் சாரலில் குற்றாலத்தில் குளித்துவிட்டு, அப்படியே ஆரியங்காவு சாஸ்தாவையும் கும்பிட்டு வரலாம் என்று குடும்பத்தோடு கிளம்பினோம். பெரியவர்கள் நான்கு பேர், பேரன் ஒருவன், ஏ.சி. வேறு ஓடுகிறது. செங்கோட்டை வரை ஒரு குறையும் இல்லை. புளியரை எஸ் வளைவில் ஏறும்போது கார் விக்கத் தொடங்கியது. மிதித்தால் ஒரு விக்கல், இன்னும் மிதித்தால் இரண்டு. மஞ்சள் நிற என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. காலை எடுத்தால் எல்லாம் அடங்கிவிடும். பின்னால் கேரளாவுக்குப் போகும் லாரிகள் வரிசையாக ஹாரன் அடிக்கின்றன.

அந்த விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். மின்னினால் அப்படி இருந்துவிட முடியாது. ஏதோ ஒரு சிலிண்டரில் தீ பிடிக்கவில்லை; அங்கே எரியாத பெட்ரோல், புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்க இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று பொருள். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பகுதி அந்தச் சூட்டில் உருகிவிடும். அதை மாற்றும் செலவுக்கு முன்னால், பெட்ரோலுக்குப் பொறி வைக்கும் ஸ்பார்க் பிளக்கின் விலை ஒன்றுமே இல்லை. சாஸ்தா பொறுத்துக்கொள்வார் என்று அங்கிருந்தே வண்டியைத் திருப்பி, மெல்ல உருட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் நகரத்தில் ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் விட்டோம். பெயர் வேண்டாம். அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: டர்போ போய்விட்டது, மாற்றக் கூலியோடு 75,000 ரூபாய். நான் மூன்று கேள்விகள் கேட்டேன். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றிப் பார்த்தீர்களா, உள்ளே எண்ணெய் இருந்ததா? டர்போவின் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தீர்களா? நீலப் புகை வருகிறதா? கழுத்துப்பட்டை கட்டிய பையன் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பானட்டைத் திறந்ததாகவே தெரியவில்லை.

டர்போ எனக்குப் புதிதல்ல. பஸ்களில் அதைக் கழற்றிப் பூட்டியே தலை நரைத்தது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும். அது கெட்டால் எண்ணெய் கசியும், நீலமாகப் புகைக்கும், ஊளையிடும், இழுவை ஒரேயடியாகக் குறைந்துவிடும். விக்காது. வண்டி விக்கினால் முதலில் தீப்பொறியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆனால் நான் வேலை பார்த்ததெல்லாம் டீசல் பஸ்; டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் ஏது? அமுக்கிய காற்றின் சூட்டிலேயே டீசல் எரிந்துவிடும். ஆகவே எனக்குத் தெரியாத இடத்தில்தான் வினை இருந்தது.

காரை எடுத்துக்கொண்டு மேலப்பாளையத்தில் ஒரு சிறிய பட்டறைக்குப் போனேன். இரண்டு கார் நிற்கவே இடம் போதாது. அங்கிருந்த தம்பி, காரின் கணினியில் பதிவான பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைச் சொருகினார். பி 0302 என்று வந்தது. கடைசி எண்தான் சிலிண்டரின் எண்; இரண்டாம் சிலிண்டரில் தீ தவறுகிறது. இந்த வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும், பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். இரண்டின் காயிலை மூன்றுக்கும், மூன்றின் காயிலை இரண்டுக்கும் மாற்றிப் போட்டு, பதிவை அழித்துவிட்டு, நாற்கரச் சாலையில் அழுத்தி ஓட்டிவிட்டு வந்தார். காயில் கெட்டிருந்தால் 0303 என்று வந்திருக்க வேண்டும். மறுபடியும் 0302. காயில் தப்பித்தது. காசு செலவில்லாத இந்தச் சோதனையைக் கண்டு எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

என்ஜின் ஆறும் வரை காத்திருந்து பிளக்கைக் கழற்றினார். வெள்ளைப் பீங்கானில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், அதன் ஓரமாகக் கரிக்கோடு.

"அண்ணாச்சி, இந்தப் பிளக் கீழே விழுந்ததா?"

எனக்கு வாய் எழவில்லை. மூன்று வாரங்களுக்கு முன் அந்தப் பிளக்குகளை மாற்றியவன் நான்தான். நிதானமாகத்தான் செய்தேன். தலைப்பகுதி அலுமினியம் என்பதால் இரவு முழுக்க ஆறவிட்டேன். திசையன்விளைத் தேரி மணல் ஆனி மேல்காற்றில் எங்கெல்லாம் நுழையும் என்று அந்தப் பக்கத்தாருக்குத் தெரியும். பிளக் குழிக்குள் கிடந்த செம்மண்ணைக் காற்றடித்து வெளியேற்றிய பிறகே கழற்றினேன். கழற்றியபின் அடித்தால் அத்தனையும் சிலிண்டருக்குள் போய்விடும். இடைவெளியை அளந்தேன், கையேட்டில் சொன்ன 0.7 மில்லிமீட்டர் இருந்தது. கையால் மரை ஏற்றிவிட்டு, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சால்தான் முறுக்கினேன். எல்லாம் சரி. நடுவில் ஒன்று கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. எடுத்து வேட்டி முனையில் துடைத்துப் பூட்டிவிட்டேன். பணிமனையில் ஒரு பயிற்சிப் பையன் இப்படிச் செய்திருந்தால் அன்று முழுக்கத் திட்டியிருப்பேன்.

மூன்று வாரம் ஊருக்குள் ஓடிய வண்டி மலையில் மட்டும் ஏன் விக்கியது? பாளையங்கால்வாயில் தண்ணீர் குறைவாக ஓடும்போது கரையில் இருக்கும் நண்டு வளை ஒன்றும் செய்யாது. கரை தொட்டு ஓடும் நாளில் அதன் வழியாகத்தான் பிய்த்துக்கொண்டு போகும். டர்போ காற்றை அமுக்க அமுக்க, பிளக் முனைகளுக்கு இடையே பொறி தாண்டக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. அந்த அழுத்தத்தில் மின்சாரம் முனையை விட்டுவிட்டு விரிசல் வழியாக ஓடிவிடுகிறது. டர்போ வண்டிகளில் பிளக் இடைவெளியைக் குறுக்கி வைப்பதும் இதே காரணத்தால்தான். அம்பாசிடர் காலத்து வழக்கப்படி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தட்டி நிமிர்த்துவதெல்லாம் இதில் ஆகாது. இரிடியம் முனை குண்டூசியைவிட மெலிது.

கடைக்காரர்கள் "இதுவும் சேரும்" என்று எடுத்துத் தரும் பிளக்கையும் நம்ப வேண்டாம். மரை சேர்ந்தால் போதாது, பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே கடத்தும் என்பதைக் காட்டும் சூட்டு எண்ணும் சேர வேண்டும். அந்த எண்ணிலும் குழப்பம் உண்டு. என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த வகை, அதாவது சூட்டை வேகமாகக் கடத்துவது. பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான வகை. கையேட்டில் போட்டிருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு போவதே நல்லது.

மற்ற இரண்டு பிளக்குகளும் பால் விட்ட தேநீர் நிறத்தில் சுத்தமாக இருந்தன. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, எண்ணெய் நனைந்திருந்தால் உள்ளே கசிவு, வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிகச் சூடு என்று பிளக் தன் வாயாலேயே சொல்லிவிடும். புதிய பிளக் ஒன்று, கூலி, எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே எஸ் வளைவில் அதே ஐந்து பேரோடு ஏறினோம். வண்டி மூச்சுக்கூட வாங்கவில்லை. மருமகன் மட்டும், "மாமா, இனிமேல் பானட்டை நான் திறந்துகொள்கிறேன்" என்றார்.

என் தவறு என் கைத்தவறு. ஆனால் அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேர வேலை போதும் என்னும்போது, 75,000 ரூபாய்க்குச் சீட்டு எழுதியதை எதில் சேர்ப்பது? பழுது என்று சொன்னால், ஸ்கேனர் காட்டிய எண்ணை ஜாப் கார்டில் எழுதித் தர வேண்டும். கழற்றிய பிளக்கையும் காயிலையும் வண்டிக்காரர் கையில் காட்ட வேண்டும், மாற்றினால் பழையதைத் திருப்பித் தர வேண்டும். இதை வண்டிக்காரர்களும் கூசாமல் கேட்க வேண்டும். மேலப்பாளையத்துத் தம்பி அப்படிக் கேட்க வைக்கவில்லை. கேட்காமலே எல்லாவற்றையும் ஒரு தாளில் வைத்துக் காட்டினார்.

சாரல் முடிவதற்குள் இந்தக் கடிதத்தை வெளியிட முடிந்தால் நல்லது. புளியரையில் இப்போதுதான் வண்டிகள் அதிகமாக ஏறுகின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணிமனைத் தொழிலாளி,
பாளையங்கோட்டை.