வெளிநாட்டுப் பயணம்: கிளம்புமுன் பார்க்க வேண்டியவை

அனைவருக்கும் வணக்கம். டிக்கெட் போட்டவர்கள் இன்றே பாஸ்போர்ட்டைத் திறந்து காலாவதி தேதியைப் பாருங்கள். பல நாடுகள் 6 மாதச் செல்லுபடி கேட்கின்றன. குறைந்தால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

மருந்து விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சில இருமல் மருந்துகளில் கோடீன் என்ற ஓபியம் வகை மருந்து இருக்கும். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அதைக் கொண்டுபோக முன் அனுமதி தேவை. மூக்கடைப்பை நீக்கும் சூடோஎஃபெட்ரின் என்ற மருந்து 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்கு ஜப்பானில் தடையே உண்டு. அதனால் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், மருந்தின் மூலப்பெயர் (நிறுவனம் வைத்த பெயர் அல்ல) எழுதிய மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். டப்பாவில் கலந்து கொட்டியதை எந்தச் சுங்க அதிகாரி நம்புவார்? இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. குளிரில் உறைந்துவிட்டால் பிறகு உருகினாலும் பயன்படாது.

சில நாடுகள் கேட்கும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். முன்பே போட்டவர்களுக்கு மறு ஊசி தேவையில்லை, சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். பழையதைத் தேடி எடுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். பொதுவான வரம்பு 100 வாட்-மணி. பவர் பேங்கில் போட்டிருக்கும் எம்ஏஎச் (mAh) அளவை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் கணக்கு வந்துவிடும்: 20,000 என்றால் 74. பவர் பேங்க் மீது அச்சிட்ட இந்த எண் அழிந்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகலாம்.

கார்டு தேய்க்கும்போது, சொந்த நாட்டுப் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா என்று இயந்திரம் கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் மோசம்.

காப்பீட்டு அவசர எண்ணைக் காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்.