நெல்லுக்கும் துணிக்கும் ஒரே படி

பாளையங்கோட்டை

அன்புள்ள எய்யா,

இயேசுவுக்கே புகழ். நானும் அம்மையும் சுகம்.

குடும்ப குரூப்பில் நீயும் அத்தையும் போட்ட சண்டையை வாசித்தேன். இத்தாலியில் தூரின் நகரில் வைத்திருக்கிற, ஒரு மனிதனின் உருவம் பதிந்த பழைய லினன் துணியைப் பற்றித்தான் பேச்சு. 'தூரின் துணி இயேசுவைப் பொதிந்த துணிதான், விஞ்ஞானமே ஒத்துக்கொண்டது' என்று ஒருத்தர் முழங்குகிற வீடியோவை அவள் அனுப்பியிருக்கிறாள். நீ 'எல்லாம் டூப்பு' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டாய். மிலானில் இருந்துகொண்டு, ரயில் ஏறினால் தூரின் என்கிற ஊரில் இருந்துகொண்டு, இவ்வளவுதானா உனக்குச் சொல்ல இருந்தது? போனில் பேசினால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

2021 செப்டம்பரில் சிவகளை நெல் செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லை அமெரிக்காவில் மயாமி ஆய்வகத்துக்கு அனுப்பி, கி.மு. 1155 என்று முடிவு வந்தது. நீ ஸ்டேட்டஸ் வைத்தாய். அத்தை தெருவெல்லாம் சொன்னாள். மயாமிக்காரன் எப்படி அளந்தான் என்று நம் வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை.

நெற்பயிரும் சரி, லினன் துணிக்கு நார் தரும் ஆளிச்செடியும் சரி, உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பனை எடுக்கின்றன. அதில் துளியளவு கதிரியக்கக் கார்பன்-14 உண்டு. அறுத்த நாளோடு வரத்து நின்றுவிடும். இருப்பது 5730 ஆண்டுக்குப் பாதியாகக் குறையும். மிச்சத்தை எண்ணினால் அறுவடைக் காலம் தெரியும். பழைய முறையில் இதற்கு ஒரு கைக்குட்டை அளவு துணியை எரிக்க வேண்டும் என்பதால் திருச்சபை தயங்கியது. பிறகு வந்த, கார்பன் அணுக்களை நேரடியாக எண்ணுகிற துகள்முடுக்கி முறைக்குத் தபால்தலை அளவே போதும். 1988 ஏப்ரலில் ஒரு மூலையில் வெட்டி, அரிசோனா, ஆக்ஸ்போர்டு, சூரிச் மூன்று ஆய்வகத்துக்கும் கொடுத்தார்கள். வந்த விடை கி.பி. 1260 முதல் 1390 வரை. அக்டோபரில் அதை அறிவித்தவர் வேறு யாருமில்லை, தூரின் பேராயர் கர்தினால் பாலெஸ்ட்ரெரோதான்.

மயாமி நெல்லுக்குச் சரியாகச் சொன்னதென்றால் சூரிச் துணிக்குச் சரியாகச் சொல்லாதா? நெல்லுக்கு ஒரு படி, துணிக்கு ஒரு படி என்று வைத்து அளக்க முடியாது. அத்தையிடம் இதைச் சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். நீ சொல்லவில்லை.

மறுத்துப் பேசுகிறவர்களையும் நான் விடவில்லை. 1532இல், துணி அப்போது இருந்த ஷாம்பெரியில் (இன்றைய பிரான்சில்) தீப்பிடித்து, வெள்ளிப் பேழை உருகித் துணி ஓட்டையானது. கன்னியர்கள் ஒட்டுப் போட்டார்கள். வெட்டின மூலையிலும் புது நூல் கலந்திருக்கும் என்று ரே ரோஜர்ஸ் என்ற வேதியியலாளர் 2005இல் எழுதினார். இருக்கட்டும். நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். முதல் நூற்றாண்டுத் துணி பதினான்காம் நூற்றாண்டாகத் தெரிய வேண்டுமானால், அந்தத் துண்டின் கார்பனில் முக்கால்வாசி தீ விபத்துக் காலத்து நூலாக இருக்க வேண்டும். அப்படியானால் அது ஒட்டுப் போட்ட பழந்துணி இல்லை, புதுத்துணி! ஆக்ஸ்போர்டு எண் மற்ற இரண்டோடு நன்றாகப் பொருந்தவில்லை என்பது மட்டும் நியாயமான குறை. அதற்கும் வித்தியாசம் சுமார் நூறு வருஷம்தான்.

அத்தை அனுப்பிய வீடியோவின் மூலம் 2022இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு நூலிழையை எக்ஸ்ரேயில் பார்த்து எழுதிய கட்டுரை. இழை எவ்வளவு நைந்திருக்கிறது என்று பார்த்து, இரண்டாயிரம் வருஷப் பழமைக்கு ஒத்துப்போகிறது என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: வரலாறே தெரியாத முந்தைய 13 நூற்றாண்டும் துணி சராசரியாக 20 முதல் 22.5 டிகிரி வெப்பத்தில், அதற்கேற்ற ஈரப்பதத்தில் இருந்திருக்க வேண்டும். வீடியோக்காரர் அந்த வரியை விழுங்கிவிட்டார். நம் ஊர் சித்திரை வெயிலில் துணி காயப்போடுகிற உன் அத்தைக்கு இது விளங்காமல் போகாது.

உன் 'டூப்பு'க்கும் ஒரு வார்த்தை. கார்பன் சொல்வது ஆளி அறுத்த காலத்தை மட்டும். அந்த உருவம் எப்படி விழுந்தது என்று அது சொல்லாது. 1898இல் செகோந்தோ பியா எடுத்த போட்டோவின் நெகட்டிவில்தான் முகம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. 1978இல் அமெரிக்கக் குழு ஐந்து நாள் ஆராய்ந்து, மஞ்சள் நிறம் இழைகளின் மேல்பரப்பில் மட்டுமே இருக்கிறது என்றது. அந்தக் குழு எடுத்த மாதிரிகளைப் பார்த்த நுண்ணோக்கி நிபுணர் மெக்ரோன், காவிமண்ணும் சாதிலிங்கமும் கலந்த ஓவியம் என்று சாதித்தார், குழுவினர் ஒப்பவில்லை. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கு அதுதான் ருசியான இடம்.

இன்னொன்று. முதலில் சந்தேகப்பட்டது உன்னைப் போன்ற லேப் ஆட்கள் இல்லை. 1389 வாக்கிலேயே பிரான்சில் துருவா நகர் ஆயர் பியேர் தார்சி, 'இதை வரைந்தவனே ஒத்துக்கொண்டான், எனக்கு முன்னிருந்த ஆயர் விசாரித்தார்' என்று அவிஞ்ஞோனுக்கு எழுதினார். அங்கே பாப்பரசர் என்று உரிமை கொண்டாடிய ஏழாம் கிளமெண்ட் துணியைக் காட்டத் தடை விதிக்கவில்லை. உண்மைத் துணி அல்ல, அதன் உருவகம் என்று உரக்கச் சொல்லிவிட்டுக் காட்டச் சொன்னார். 1998இல் தூரினுக்கு வந்த பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுலும், இந்தக் கேள்வியைத் தீர்ப்பது விஞ்ஞானிகள் வேலை என்று அவர்களிடமே விட்டார். ஆக, அத்தையின் விசுவாசத்துக்கு உன் ஆய்வகத்தால் ஒரு ஆபத்தும் இல்லை. செப்டம்பர் 14க்கு அவள் மணப்பாடு போய்த் திருச்சிலுவைத் துண்டுக்கு முன் முழந்தாளிடுவாள். போகட்டும். அதையும் சோதிக்கலாமா என்று குரூப்பில் கேட்டு வைக்காதே.

அவளுக்கு ஒரு போன் போடு. சிவகளை நெல்லிலிருந்து ஆரம்பி. ராத்திரி சீரியல் நேரத்தில் மட்டும் கூப்பிடாதே, எடுக்கமாட்டாள்.

அன்புடன்,
அப்பா