சூடு ஏறும்வரை காத்திருக்காதே

டர்பன்

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த மாதம் உன்னை மயக்க மருந்துப் பிரிவில் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். குழாய் செருகுவதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். அபூர்வமாக வந்து ஆளையே கொண்டுபோகிற ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்: மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா. பரம்பரையாக வரும் குறை, சில மயக்க மருந்துகள் பட்டதும் தசை வெறிபிடித்து உடம்பு கொதிக்கும்.

உடம்பு கொதிப்பது பெரும்பாலும் கடைசியில்தான். முதலில் ஏறுவது மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு. வெண்டிலேட்டரைக் கூட்டியும் அது மானிட்டரில் 45, 55, 65 mmHg என்று போய்க்கொண்டே இருக்கும், நாடியும் ஓடும். மயக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று செவோஃப்ளுரேனை, அதாவது மயக்க ஆவியை, கூட்டிவிடாதே. இந்த ஆளுக்கு அதுதான் விஷம். மூச்சின் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் டப்பாவைத் தொட்டுப் பார், கை சுடும். தசையைத் தளர்த்தும் ஸ்கோலின் கொடுத்த பின் தாடை இறுகி வாய் திறக்க மறுத்தாலும் சந்தேகப்படு. தசைக்குள் கால்சியம் கட்டுக்கடங்காமல் கொட்டுவதால் வரும் வினை இது. பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறும், சிறுநீர் கறுத்து வரும்.

சந்தேகம் வந்ததும் ஆவியை நிறுத்து, ஆளைக் கூப்பிடு, 100% ஆக்சிஜனை நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் விடு. ஆபரேஷனை முடிக்க வேண்டியிருந்தால் மயக்கத்துக்கு நரம்பில் ஏற்றும் ப்ரோபோஃபால் போதும்.

இதற்கு மாற்று மருந்து டான்ட்ரோலின், உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். 70 கிலோ ஆளுக்கு 20 மில்லிகிராம் குப்பி ஒன்பது வேண்டும். ஒவ்வொன்றிலும் 60 மில்லி ஸ்டெரைல் வாட்டர் மட்டும் ஊற்றி, தெளியும்வரை குலுக்கணும், சலைன் கூடாது. லேசில் கரையாது, அதனால் குலுக்குவதற்கென்றே இரண்டு பேரை நிறுத்து. அடங்காவிட்டால் அதே அளவைத் திரும்பக் கொடு. கூடவே இதயத் துடிப்புக்கென்று வெரபமில் கொடுத்துவிடாதே, பொட்டாசியம் இன்னும் ஏறும். உடம்பைக் குளிர வை, 38 டிகிரிக்கு இறங்கியதும் நிறுத்து. அடங்கினாலும் 24 மணி நேரம் ஐசியூவில் இருக்கட்டும், திரும்ப வரலாம்.

இந்த மருந்து பலிக்கும் என்று 1975-ல் பன்றிகளில் காட்டியவர் நம் கேப் டவுன் மயக்க மருந்து டாக்டர் ஹாரிசன். உங்கள் ஆபரேஷன் தியேட்டரில் எத்தனை குப்பி இருக்கிறது, காலாவதி எப்போது என்று முதல் நாளே பார்த்துவிடு. இல்லையென்றால் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது, இரவில் யாரைக் கேட்பது என்று எழுதிச் சுவரில் ஒட்டு.

நோயாளியிடம் "அலர்ஜி உண்டா" என்று மட்டும் கேட்டால் இது பிடிபடாது. வீட்டில் யாராவது மயக்க மருந்தில் இறந்தார்களா என்று அவர்கள் மொழியிலேயே கேள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதி வாய்ப்பு. முன்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னாலும் அதை நம்பி விட்டுவிடாதே.

அன்புடன்,
அம்மா