பேசாத பிள்ளைக்கு முத்திரை வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் ஆளுமை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, வகுப்பில் தானாக வாய் திறக்காத பிள்ளைக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டது. பல காலம் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வரி என்னை மிகவும் வருத்தியது.

என் வகுப்பில் ஒரு பெண் கையே தூக்க மாட்டாள். கரும்பலகைக்கு அழைத்தால் சாக்பீஸ் பிடித்த விரல் நடுங்கும். ஆனால் வீட்டுப்பாட நோட்டில் நான் சொல்லிக்கொடுத்த முறையை விட்டுவிட்டு வேறு முறையில் கணக்கைப் போட்டு, ‘இதுவும் சரிதானே?’ என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருப்பாள். ஆசிரியை காட்டிய வழிக்கு மாற்று தேடியவளுக்கா தன்னம்பிக்கை இல்லை? நானும் ஓரத்திலேயே பதில் எழுதினேன். எங்கள் உரையாடல் முழுவதும் அங்கேதான் நடந்தது. அவளுடைய மதிப்பெண் அட்டையில் இன்னொருவர் ‘மந்தம்’ என்று எழுதினார். பிள்ளையின் குணத்துக்கு அந்த அட்டையில் ஒரு சொல் எழுதத்தான் இடம்.

தாங்கள் அறியாததல்ல. மனநல மருத்துவர்களான அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதியர் குழந்தைகளின் இயல்பு பற்றி 1956இல் நியூயார்க்கில் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், புதிய சூழலுக்கு மெதுவாகப் பழகும் குழந்தைகள் 100க்கு ஏறத்தாழ 15 பேர் இருந்தார்கள். பிள்ளையின் இயல்பும் பெரியவர்களின் எதிர்பார்ப்பும் பொருந்துகின்றனவா என்பதே முக்கியம் என்றார்கள் அவர்கள். வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அளந்து காட்டினார். 3 நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. பதிலே வராமல் போவதும் குறைந்தது. நம் அவசரத்தைப் பிள்ளையின் குறையாக எழுதலாமா?

பயிற்சி முகாம்களிலும் இதே கதைதான். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் படிவங்களை எங்களிடம் நீட்டினார்கள். அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் பலன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று நான்கு உளவியலாளர்கள் 2008இலேயே ஆய்ந்து எழுதிவிட்டார்கள். அதன் பிறகும் படிவங்கள் வந்தன. ஒரே அறையில் அத்தனை பேரை அடைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் அறிந்துகொள்ள எங்களுக்கு நேரம் எங்கே என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. பிள்ளையை அறிய நோட்டுத் திருத்தும் நேரம் வேண்டும், இடைவேளையில் அவன் யாருடன் நிற்கிறான் என்று கவனிக்க வேண்டும், சென்ற மாதம் கண்டதை இந்த மாதம் மாற்றிக்கொள்ளும் மனமும் வேண்டும். படிவம் இவற்றுக்கு ஈடாகாது.

கட்டுரையோடு ‘உங்கள் மாணவர் எந்த வகை?’ என்ற வினாப்பட்டியலை வெளியிட்டு, விடைகளை வகுப்புச் சுவரில் ஒட்டலாம் என்றும் யோசனை சொல்லியிருக்கிறீர்கள். அதைச் சுவரில் ஒட்ட வேண்டாம் என்று அடுத்த இதழில் ஒரு வரி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை